கோப்பில் இருப்பதால் உண்மை ஆகிவிடுமா?

எழுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் போலீஸ் தொடர் ஒன்றுக்காக ஜெயங்கொண்டத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு வாதாட வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம்மூர் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அமெரிக்காவில் இருக்கும் மகன் காட்டிக்கொடுத்து, 'டிராக்னெட்' என்ற அந்தப் பழைய தொடரை இரவெல்லாம் பார்த்துவருகிறார். பார்ப்பவரோடு எனக்கு என்ன வழக்கு? ஆனால் மாலையில் நடக்கப் போகும்போதெல்லாம் ஒரே பல்லவி: "சார், பொய் கலக்காத போலீஸ் கதை என்றால் இதுதான். பாட்டு இல்லை, பறந்து பறந்து அடிக்கிற சண்டை இல்லை. கேஸ் கட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்திருக்கிறான். நம்மவர்களுக்கு எப்போது இந்தப் புத்தி வரும்?"

'கேஸ் கட்டில் இருப்பதை அப்படியே' என்ற வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கட்டுகளுக்கு நடுவில் வாழ்ந்தவனிடம் அதைச் சொல்லலாமா?

முதலில் தொடரைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. ஜாக் வெப் என்று ஒரு நடிகர். 1948இல் ஒரு துப்பறியும் படத்தில் சின்ன வேடத்தில் நடித்தார். அந்தப் படத்துக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் சார்ஜென்ட் ஒருவர், "நீங்கள் வானொலியில் போடுகிற போலீஸ் கதைகளில் ஒன்றாவது எங்கள் வேலை மாதிரி இருக்கிறதா?" என்ற தோரணையில் குறைப்பட்டுக்கொள்ள, வெப்புக்குப் பொறி தட்டியது. 1949 ஜூனில் என்.பி.சி. வானொலியில் 'டிராக்னெட்' தொடங்கியது. சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடே, பேட்ஜ் எண் 714. கதை மொத்தமும் அவர் குரலில், நாட்குறிப்பு படிப்பதுபோல நகரும். 1951 டிசம்பர் 16ஆம் தேதி அது தொலைக்காட்சிக்கு வந்தது. முதலில் காட்டியதே வானொலியில் ஏற்கெனவே ஒலிபரப்பான ஒரு கதைதான்: நகர மன்றக் கட்டடத்தில் வெடிகுண்டோடு நிற்கும் ஒருவனைப் பற்றியது. மறுமாதத்திலிருந்து ஒழுங்காக ஒளிபரப்பாகி 1959 வரை ஓடியது. அது நின்றுபோன அதே 1959இல்தான், செப்டம்பர் 15ஆம் தேதி, நமக்கு டெல்லியில் தொலைக்காட்சி என்பதே பிறந்தது. நம் சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 ஆனது.

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. எனக்கு ஃப்ரைடேயைப் பிடிக்கும். உலகத்துத் துப்பறிவாளர்களில் அவன் ஒருவன்தான் குமாஸ்தா மாதிரி வேலை பார்க்கிறான். நம் துப்பறியும் சாம்புவுக்கு அசட்டு அதிர்ஷ்டம். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு ஒரு கோப்பைத் தேநீர் போதும், மூளை ஓடும். ஃப்ரைடேக்கு இரண்டும் கிடையாது. கதவு கதவாகத் தட்டுகிறான். பதினைந்து பேரிடம் கேட்டால் பதினான்கு பேர் தெரியாது என்கிறார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுதுகிறான். மறுநாளும் அதே. குற்றவாளியைப் பிடித்தபின் அவனுக்கு மாலை மரியாதை இல்லை, அடுத்த பணிமுறைக்குப் போகிறான். வானொலியில் காலடிச் சத்தம், கதவுச் சத்தம், தொலைபேசி சுழற்றும் சத்தம் எல்லாம் எத்தனை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள்! திருச்சி வானொலி நாடகங்களைக் கண்ணை மூடிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இதில் வாத்தியாரோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, தொடக்கத்தில் வரும் அறிவிப்போடுதான். நீங்கள் காணப்போவது உண்மைக் கதை, அப்பாவிகளைக் காப்பாற்றப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று ஒவ்வொரு வாரமும் கனத்த குரலில் சொல்கிறார்கள். யார் சொன்ன உண்மை? லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் துறை கொடுத்த கேஸ் கட்டு. எழுதி முடித்த வசனத்தைப் பார்த்துச் சரி சொன்னது யார்? அதே துறை. படப்பிடிப்புக்கு உதவியது? அதே துறை. கடைசியில் யாருக்கு நன்றி? அந்தத் துறையின் தலைவர் வில்லியம் பார்க்கருக்கு. 1950இலிருந்து 1966இல் சாகும்வரை அவர்தான் தலைவர். ஒரு வழக்கில் ஒரு தரப்பே வாதியாகவும் எழுத்தராகவும் சாட்சியாகவும் இருந்து, தணிக்கையையும் தானே செய்துகொண்டால், அதற்கு நாம் வேறு பெயர் வைப்போம். இவர்கள் 'உண்மைக் கதை' என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு விஷயம் படித்தபோது சிரித்துவிட்டேன். அந்த நடிகர்கள் ஏன் அப்படி உணர்ச்சியே இல்லாமல், ஆபீஸ் குறிப்பை வாசிப்பதுபோல் பேசுகிறார்கள் என்று வாத்தியார் வியப்பார். "நிஜப் போலீஸ் அப்படித்தான் பேசுவான்" என்பது அவர் கணிப்பு. உண்மை அதைவிட எளிது. வெப் அவர்களை ஒத்திகை பார்க்க விடவில்லை. டெலிபிராம்ப்டர் என்ற கருவியில் வசனம் ஓடும், அதைப் பார்த்து அப்படியே படிக்க வேண்டும். செலவும் மிச்சம், குரலும் தட்டையாக வரும். ஆக, நாம் 'நிஜம்' என்று நினைத்த அந்தக் குரல், எதிரில் எழுதிவைத்ததை வாசிக்கும் குரல்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை. மகஜர் என்று ஒன்று உண்டு. சம்பவ இடத்தைப் பார்த்து, இன்ன பொருள் இன்ன இடத்தில் இப்படிக் கிடந்தது என்று சாட்சிகள் முன்னிலையில் எழுதுவது. சட்டப்படி இடத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதெல்லாம் வேண்டாம், முழுக்க எழுதி முடித்த மகஜர் ஒன்று கையெழுத்துக்கு வந்தது. அழகான கையெழுத்து. கிழக்கே வேப்பமரம், மேற்கே வாய்க்கால், வடக்கே இன்னாருடைய கரும்புக் கொல்லை என்று எல்லை எல்லாம் கச்சிதம். கையெழுத்துப் போட வேண்டிய கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் அன்றைக்கு முழுவதும் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள். போட்டார்கள். போடாவிட்டால் நாளைக்கு அதே ஆட்களோடுதான் வேலை பார்க்க வேண்டும். அந்தக் கட்டை ஒரு ஜாக் வெப்பிடம் கொடுத்தால் வேப்பமரம் முதற்கொண்டு தத்ரூபமாகப் படம் எடுத்திருப்பார். 'உண்மைக் கதை' என்று போட்டுமிருப்பார்.

ஒரு கோப்பு பொய் சொல்வதற்கு அதில் பொய்யான வரி இருக்க வேண்டியதில்லை. யாருடைய தாள் உள்ளே போனது, யாருடையது போகவில்லை என்பதே போதும். தபாலில் வந்த எதிர்மனு ஒன்று நடப்பு எண் பெறாமல் மேசையிலேயே தங்கிவிட்டால், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அப்படி ஒரு மனுவே உலகத்தில் கிடையாது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். வெளியில் சொல்ல மாட்டோம்.

சரி, டிராக்னெட்டின் கோப்பில் நுழையாத தாள் எது? இதைக் கேளுங்கள். தொடர் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது 1951 டிசம்பர் 16 என்றேன். சரியாக ஒன்பது நாள் கழித்து, கிறிஸ்துமஸ் விடியற்காலையில், அதே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் காவலில் இருந்த 7 இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளியினர், இருவர் வெள்ளையர். அடித்தவர்கள் பண்டிகைக் குடியில் இருந்தவர்கள். துறை முதலில் தனக்குத்தானே விசாரணை நடத்திப் பூசி மெழுகப் பார்த்தது. செய்தித்தாள்களும் அந்தச் சமூகத்தாரும் விடாமல் கேட்டபிறகுதான் 8 போலீஸார்மீது வழக்கு வந்தது, 5 பேர் தண்டனை பெற்றார்கள். 54 பேருக்கு இடமாற்றம், 39 பேருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். 'ரத்தக் கிறிஸ்துமஸ்' என்றே அதற்குப் பெயர். ஊரே இதைப் பேசிக்கொண்டிருந்த மாதங்களில், ஜோ ஃப்ரைடே வாராவாரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீடு வீடாகப் போய் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

1965 ஆகஸ்டில் அந்நகரின் வாட்ஸ் பகுதியில், ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் காரை நிறுத்தச் சொன்னதில் தொடங்கிய கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில், 1967 ஜனவரியில், டிராக்னெட் வண்ணத்தில் திரும்ப வந்தது. எதைப் பற்றி? எல்.எஸ்.டி. தின்று கெட்டுப்போகும் பையன்களைப் பற்றி. 1982 டிசம்பரில் ஜாக் வெப் இறந்தபோது அந்தப் போலீஸ் துறை கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, 714 என்ற எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. நடிகருக்கு! செய்த வேலைக்குத் தகுந்த மரியாதைதான் என்பேன்.

வாத்தியார் கவனிக்காத இன்னொன்று. அரை மணி நேரக் கதையில் கடைசியில், இன்ன நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது, இன்ன தண்டனை கிடைத்தது என்று அறிவிப்பாளர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடிப்பார். நீதிமன்றத்துக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். எதிரியின் வக்கீல் என்று ஒருவர் வாய் திறக்க மாட்டார். போலீஸ் பிடித்தாலே முடிந்தது, நீதிமன்றம் என்பது ரசீது போட்டுத் தரும் கவுன்டர்.

இதை நம்மவர்கள் பின்பற்ற வேண்டுமாம். ஐயா, இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் வெப்புக்கு முன்னோடி. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு விரோதமாகச் சாட்சியமாக்கக் கூடாது என்று 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் புதுச் சட்டங்கள் வந்தபோதும் அந்த விதி எண்தான் மாறியது, போகவில்லை. எழுதியது காந்தியின் காங்கிரஸ் இல்லை, வெள்ளைக்காரன். தன் போலீஸையே அவன் ஏன் நம்பவில்லை? 1855இல் நம் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்று உட்கார்ந்தது. கிட்டி போட்டு விரலை நெரிப்பது, அனந்தாள் என்று ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது எல்லாம் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்கும்போது நான் சங்கடப்பட வேண்டியும் இருக்கிறது. அதில் போலீஸ் மட்டும் இல்லை; வரி வசூலுக்காக இதையெல்லாம் செய்தவர்கள் தாசில்தார் கச்சேரி ஆட்கள், எங்கள் இலாகாவின் மூதாதையர்.

ஆனால் நடைமுறை? எதிரி தானாகவே வி.ஏ.ஓ. முன் ஆஜராகி, மனம் வருந்தி, ஒன்று விடாமல் சொன்னதாக எத்தனை வழக்குகளில் படித்திருக்கிறோம்! போலீஸிடம் சொன்னால்தானே செல்லாது? அறிமுகமே இல்லாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் எதற்காக ஓடிப்போய்க் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகளே கேட்டிருக்கிறார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். போலீஸ் எழுதும் பதிவறிக்கைக்கு அந்த மொழியில் 'புரோசே-வெர்பால்' என்று பெயர். 'வெர்பால்' என்றால் வாய்மொழி. எழுத்தில் இருப்பதற்கு ஏன் வாய்மொழி என்று பெயர் என்றால், பழைய காலத்துச் சேவகர்களுக்கு எழுதத் தெரியாது, வந்து வாயால் சொல்வார்கள். எழுதத் தெரிந்தபிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும். இது யாரோ வாயால் சொன்னது, அவ்வளவுதான் என்பதை அது மறக்கவிடாது.

விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்' அந்தப் பள்ளியில் படித்தவர்கள் யாரும் தப்ப முடியாத புத்தகம். தமிழில் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தந்தது. 1950இல் அதே பெயரில் நாகையா நடித்துப் படமாக வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இன்ஸ்பெக்டர் ஜாவெராக நடித்த சீதாராமனுக்கு அன்றிலிருந்து 'ஜாவர்' சீதாராமன் என்றே பெயராயிற்று. அந்த ஜாவெர் லஞ்சம் வாங்காதவன், பொய் சொல்லாதவன், கடமை தவறாதவன். ஃப்ரைடேயின் கொள்ளுத்தாத்தா என்றே வைத்துக்கொள்ளலாம். தான் வாழ்நாளெல்லாம் துரத்தியவன் நல்லவன் என்று தெரிந்துபோன இரவில் என்ன செய்கிறான்? காவல் சாவடிக்குப் போய், காகிதம் வாங்கி, சிறை நிர்வாகத்தைச் சீர்படுத்த யோசனைகள் என்று எண் போட்டு ஓர் அலுவலகக் குறிப்பு எழுதி, கையெழுத்திட்டு மேசையில் வைத்துவிட்டு ஆற்றில் குதிக்கிறான். குறிப்பில் எல்லாம் இருக்கிறது. அவன் எதற்காகச் சாகிறானோ அதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பள்ளியில் படித்தபோது அந்தப் பகுதி சப்பென்று இருந்தது. உத்தியோகத்துக்கு வந்தபிறகுதான் ஹ்யூகோ எப்பேர்ப்பட்ட ஆள் என்று புரிந்தது.

'பொய் கலக்காத போலீஸ் கதை' நம்மிடம் இல்லையென்று யார் சொன்னது? அதே ஜாவர் சீதாராமன் எழுதி, சி.ஐ.டி. அதிகாரியாகவும் நடித்த 'அந்த நாள்' 1954இல் வந்தது. ஏ.வி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார். அதிகாரி கேட்கக் கேட்க, ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். ஒவ்வொன்றும் நம்பும்படியாக இருக்கும். சொல்கிறவர் யார், அவருக்கு என்ன லாபம் என்பதைப் படம் மறைக்காது. அமெரிக்காவில் டிராக்னெட் கொடிகட்டிப் பறந்த அதே வருடத்தில் வடபழனியில் இதை எடுத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அது நன்றாக ஓடவில்லை. நமக்கு 'தங்கப்பதக்கம்' சௌத்ரிதான் வேண்டியிருந்தது. பிறகு 'சாமி', பிறகு 'சிங்கம்'. இவை கத்திச் சொல்வதை டிராக்னெட் முணுமுணுத்துச் சொல்கிறது, விஷயம் ஒன்றுதான்: போலீஸ் சொன்னால் சரி. சொல்லப்போனால் கத்துகிற படத்தால் ஆபத்து குறைவு. டாடா சுமோ பறக்கும்போது இது சினிமா என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். தட்டையான குரலில், தேதி நேரத்தோடு சொன்னால்தான் படித்தவர்கள், தலைமையாசிரியர்கள் உட்பட, நம்பிவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1993 மார்ச். விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்தைச் சேர்ந்த தொழிலாளியைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் போலீஸார் பிடித்துப் போனார்கள். மனைவி பார்வதி நிலையத்துக்குப் போனால், ஆள் தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். தேதியும் நேரமும் போட்டுக் கோப்பிலும் அப்படித்தான் இருந்தது. அதே நாட்களில், மாவட்ட எல்லை தாண்டி, அன்றைய திருச்சி மாவட்டத்து மீன்சுருட்டி காவல் சரகத்தில் அடையாளம் தெரியாத ஓர் ஆண் சடலம் கிடந்தது. நம் மீன்சுருட்டிதான், பஸ் ஏறினால் போய்விடும் தூரம். ஒரு நிலையத்துக் கட்டில் 'தப்பியோடியவர்', இன்னொரு நிலையத்துக் கட்டில் 'பெயர் தெரியாத பிணம்'. இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் கச்சிதமான கோப்புகள். இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைக்க, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணும், உடன் நின்ற கட்சித் தோழர்களும், சந்துரு என்ற வக்கீலும், ஓர் ஆட்கொணர்வு மனுவும் வேண்டியிருந்தது. காவலர்கள் குற்றவாளிகள்தான் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தபோது வருடம் 2006. 'ஜெய் பீம்' என்று 2021இல் அது படமாகி, நம்மூரில் எல்லோரும் கைபேசியில் பார்த்துக் கண்ணீர் விட்டோம். அந்தப் பிணம் கிடந்தது நம் பக்கத்தில் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும். தரையில் உருண்டு புரண்டார்கள், அதில் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதினார்கள். பக்கத்துக் கடையின் கேமரா இல்லாதிருந்தால் அதுதான் இன்றைக்கு 'உண்மைக் கதை'. நிலையத்தின் கேமராவோ, சேமிக்க இடம் இருந்தும் தினமும் தானாக அழிந்துகொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அந்தச் சமயத்தில் 'சாமி', 'சிங்கம்' எடுத்த இயக்குநர் ஹரி, காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அமெரிக்காவில் ஜாக் வெப்புக்கு அந்த வேதனை வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

"அப்படியானால் போலீஸ்காரன் எல்லாம் அயோக்கியனா?" என்று வாத்தியார் கோபிப்பார். என் பணிக்காலத்தில் நல்ல எஸ்.ஐ.க்களைப் பார்த்திருக்கிறேன், பொய்யாக ஒரு வரி எழுதமாட்டேன் என்று அடம்பிடித்து மாற்றலாகிப் போன ஏட்டையாவையும் தெரியும். சாத்தான்குளத்திலேயே அன்றிரவு நடந்ததைத் துணிந்து சொன்னது அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் டிராக்னெட் பெரிய துரோகம் செய்கிறது. எல்லாரும் ஃப்ரைடே என்று காட்டிவிட்டால், உள்ளேயிருந்து வாய் திறக்கிறவருக்கு என்ன மதிப்பு? அவர் சொல்வதைக் கேட்க யார் இருப்பார்கள்?

டிராக்னெட்டின் பழைய பகுதிகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'அந்த நாள்' படமும் கிடைக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் என் வீட்டில் போட்டுக் காட்டுவதாக வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன். டிராக்னெட் ஓடும்போது அவர் கையில் ஒரு கடிகாரமும் ஒரு தாளும் கொடுக்கப் போகிறேன். போலீஸார் பேசிய நேரம் எத்தனை நிமிடம், பிடிபட்டவன் பேசியது எத்தனை, அவனுடைய வக்கீல் பேசியது எத்தனை என்று மூன்று பத்தி போட்டு அவரே எழுதட்டும். மூன்றாவது பத்தியில் என்ன வரும் என்று இப்போதே என்னால் எழுதிக் கொடுக்க முடியும். ஆனாலும் மகஜரை முன்கூட்டி எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு வேண்டாம். வருகிறவர்கள் நாலு மணிக்கு வரலாம், சுண்டல் உண்டு.